ஜரெலின் இடது தோள்

டக்கெட் போன அன்னைக்கு கேரிவில் ஊரே அவரை வாயில போட்டு மென்னுச்சு. நான் மட்டும் ஒரு வார்த்தை பேசல. அதை முதல்லயே சொல்லிடறேன். பின்னால நான் அந்த மனுஷன் மேலயே எல்லாப் பழியையும் தூக்கிப் போட்டேன்னா என்னைப் பிடிச்சு நிறுத்துங்க.

ராய்ஸ் டக்கெட் எங்க ப்ளெவின்ஸ் காலேஜுக்கு எட்டு வருஷம் ஃபுட்பால் கோச். காலால உதைக்கற ஃபுட்பால் இல்ல, பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடி மோதற ஆட்டம். அவரு வர்றதுக்கு முன்னாடி எங்க டீம் ஜெயிச்ச ஆட்டத்தை எண்ண ஒரு கை விரலே ஜாஸ்தி. அவரு வந்த பிறகு சனிக்கிழமை காலையில ஸ்டேடியம் வாசல்ல எறைச்சி சுடற புகை ஹைவே வரைக்கும் தெரியும். கடைசி வருஷம் பன்னெண்டு ஆட்டத்துல பதினொண்ணு ஜெயிச்சோம். டிசம்பர்ல ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் பசங்க ஃபோனுக்கு அவருகிட்டேர்ந்து நாலு வரி மெசேஜ் வந்துச்சு. சாயங்காலம் டிவியைப் போட்டா, ட்ரஸ்கட் ஸ்டேட் காலேஜோட பச்சைத் தொப்பியை மாட்டிக்கிட்டு மனுஷன் சிரிக்கிறாரு. ட்ரஸ்கட்! தொண்ணூறு மைல் தள்ளி உக்காந்துக்கிட்டு, எங்க சிவப்புச் சட்டையைக் கண்டாலே காறித் துப்பற கூட்டம். வேற எந்தக் காலேஜுக்குப் போயிருந்தாலும் ஊரு அழுதுட்டு அடுத்த வேலையைப் பாத்திருக்கும்.

மெயின் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில அவரு பேர்ல ஒரு தட்டு இருந்துச்சு. பொரிச்ச கெளுத்தி மீன், சோள ரொட்டி, கீரை. மறுநாளே கடைக்காரன் பலகையில அவரு பேரை அடிச்சுட்டு 'துரோகி தட்டு'ன்னு எழுதி பாதி விலைக்கு வித்தான். நம்ம ஜனம் வரிசையில நின்னு வாங்கித் தின்னுச்சு. பாஸ்டர் அந்த ஞாயித்துக்கிழமை முழுக்க யூதாஸைப் பத்தியே பேசினாரு. போன மாசம்தான் அவரே டக்கெட்டை மேடையில நிறுத்தி ஜெபம் பண்ணினவரு. கேட்டா ரெண்டும் வேற வேறன்னுவாரு.

காலேஜுக்குள்ள வேற மாதிரி இருந்துச்சு. நாலு உதவி கோச்சையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ஒன்பது பசங்க வேற காலேஜுக்கு மூட்டை கட்டினாங்க. மிச்சப் பசங்க என் ரூமுக்கு வந்து, அடி படாமயே பெஞ்சு மேல படுத்துக் கெடந்தாங்க. என்னடா வலிக்குதுன்னா, ஒண்ணுமில்ல மேம், சும்மான்னாங்க.

என் வேலை என்னன்னு சொல்லிடறேன். இருபத்திரெண்டு வருஷமா இந்த டீம் பசங்களுக்கு கணுக்கால், முழங்கால், மணிக்கட்டுன்னு டேப் சுத்தி விடறவ நான்தான். மைதானத்துல எவனாவது விழுந்தா முதல்ல ஓடறதும் நான்தான். மிஸ் வெர்லீன்னா இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை வருவாரு. காட்டினா பாப்பாரு, காட்டலைன்னா அவரு பாட்டுக்குப் போயிடுவாரு.

டக்கெட்டுக்கு ஒரு பழக்கம். தினமும் காலையில ஆறு மணிக்கு என் ரூமுக்கு வருவாரு. நான் சுட்ட, பன் மாதிரி மெத்துன்னு இருக்கற பிஸ்கட்டைப் பிச்சு குழம்புல தொட்டுக்கிட்டே, "சொல்லு வெர்லீன், யாருக்கு எங்க வலி?"ம்பாரு. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்குவாரு. ஒரு எழுத்து எழுத விட மாட்டாரு. எழுதினா நாலு பேர் படிப்பான், எதிரி காதுக்குப் போகும், அவன் அந்த எடத்துலயே வந்து மோதுவான்னுவாரு. எட்டு வருஷம் எங்க பசங்க ஒடம்புல இருந்த அத்தனை ஓட்டையையும் என் வாயாலதான் அந்த ஆளு காதுல போட்டிருக்கேன்.

அதுல பெரிய ஓட்டை ஜரெல் ப்ரூயிட்டோட இடது தோள்.

ஜரெல் எங்க டீம்ல தடுக்கற ஆளு. பந்தை இடுக்கிக்கிட்டு ஓடி வர்றவனை மோதிச் சாய்க்கறதுதான் அவன் வேலை. அதுல அவனை மாதிரி இன்னொருத்தனை நான் பாத்ததில்ல. டக்கெட் இருந்த கடைசி அக்டோபர்ல அவன் இடது தோள் மூட்டு மூணு தடவை கழண்டுச்சு. மூணு தடவையும் நானே உள்ள தள்ளினேன். ஆபரேஷன் பண்ணினா ஒரு வருஷம் போயிடும். அந்த வருஷம்தான் அவனுக்குக் காலேஜ்ல கடைசி வருஷம். கை நிறையக் காசு குடுத்து ஆள் எடுக்கற பெரிய டீம்காரங்க வந்து பாக்கற வருஷம். அவன் அம்மா ஆர்லெட்டா கோழி வெட்டற ஃபேக்டரியில பத்தொம்பது வருஷமா நிக்கறா. விரலெல்லாம் வீங்கி மடங்காது. அவளை அங்கேர்ந்து வெளிய கூட்டிக்கிட்டு வரணும்ங்கறதைத் தவிர அந்தப் பையனுக்கு வேற நெனப்பே கிடையாது.

டக்கெட் அதுக்கு ஒரு வழி பண்ணினாரு. பயிற்சியில அவனை யாரும் மோதக் கூடாது. ஆட்டத்துல அவன் இடது பக்கம் எப்பவும் இன்னொரு தடியன் நிப்பான். வர்றவனை ஜரெல் வலது தோளாலயே வாங்கிக்கலாம். நான் சட்டைக்கு அடியில ஒரு பட்டை கட்டி விடுவேன். இது எங்க மூணு பேருக்கு மட்டும் தெரியும். ஆர்லெட்டாவுக்குக்கூடத் தெரியாது. சொன்னா அம்மா ஆட விட மாட்டாங்கன்னு அவன் சத்தியம் வாங்கிட்டான்.

போறப்ப டக்கெட் என்னையும் கூப்பிட்டாரு. அட்டைப்பெட்டியில சாமானை அடுக்கிக்கிட்டே, "நீயும் வா வெர்லீன். அங்கயும் அடுப்பு இருக்கு"ன்னாரு.

"பச்சை எனக்கு ஆகாது கோச். மூஞ்சி கருத்துப் போன மாதிரி தெரியும்."

சிரிச்சாரு. அப்புறம், "ஜரெலைப் பாத்துக்க"ன்னாரு. கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு. அது நடிப்பு இல்ல. இன்னைக்கும் அதைச் சொல்வேன்.

ஜனவரியில புதுக் கோச் வந்தாரு. நோலன் ஃபேர்லி. முப்பத்தெட்டு வயசு, கையில எப்பவும் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர், நல்ல மனுஷன். வந்த முதல் வாரமே, "மேம், எந்தப் பையனுக்கு என்ன அடி, எல்லாம் எனக்கு எழுத்துல வேணும். யாருக்காவது சரியில்லைன்னா நான் ஆட விட மாட்டேன்"ன்னாரு.

ஜரெல் லாண்டரி ரூம்ல என்னை மடக்கினான். ஆறடி மூணு அங்குலப் பையன், துவைக்கிற மெஷின் மேல சாஞ்சுக்கிட்டு அழறான்.

"என் பேரை எழுதாதீங்க மேம். ஒரே வருஷம். நீங்க பட்டை கட்டி விடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"கழண்டா?"

"நீங்கதான் மாட்டி விடுவீங்களே."

முப்பத்தொரு பேர் எழுதினேன். அவன் பேரை விட்டுட்டேன். பாவம் பாத்துத்தான் விட்டேன். அதோட, நான் போடற கட்டு மேல எனக்கு இருந்த திமிரும் சேர்ந்துக்கிச்சு. ரெண்டையும் ஒத்துக்கறேன்.

அந்த சீசன் முழுக்க தோள் ஒழுங்கா இருந்துச்சு. பட்டை பிடிச்சுக்கிச்சு. பெரிய டீம்லேர்ந்து ரெண்டு பேர் தொப்பி போட்டுக்கிட்டு வந்து பாத்துட்டுப் போனாங்க. நவம்பர் கடைசியில, நன்றித் திருநாள் விருந்துக்கு அடுத்த சனிக்கிழமை, வருஷா வருஷம் ட்ரஸ்கட்டோட ஆட்டம். இந்தத் தடவை எங்க ஊர்ல. அந்த வாரம் பூரா எனக்குத் தூக்கம் போச்சு. ஃபேர்லி ஜரெல் பக்கத்துல காவலுக்கு ஆள் நிறுத்தறதில்ல. தேவைன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு மைதானத்தோட எதிர்ப்பக்கம் நிக்கப் போறாரு.

லாண்டரி பாக்கற ஓட்டிஸ் வேற நாக்கைச் சும்மா வெச்சுக்க மாட்டான். "என்ன வெர்லீன், சனிக்கிழமை உன் ஆளு வர்றாராமே. பிஸ்கட்டுக்கு மாவு பிசைஞ்சாச்சா?"

"உன் வாயில திணிக்கத்தான் பிசையறேன். போடா வேலையைப் பாத்துக்கிட்டு."

ஜரெல்கிட்ட கேட்டேன். "ஃபேர்லிகிட்ட சொல்லிடலாமா? இந்த ஒரு ஆட்டம் மட்டும் உக்காந்துடேன்."

"மேம், அந்த ரெண்டு பேரும் இந்த ஆட்டத்துக்குத்தான் மறுபடி வர்றாங்க. கோச் டக்கெட் என் தோளைக் குறி வெச்செல்லாம் அடிக்கச் சொல்ல மாட்டாரு. எங்க வீட்டுல வந்து எங்கம்மா கையால சாப்பிட்டிருக்காரு. என் பையனை நீங்க பாத்துக்கணும்னு அம்மா சொன்னப்ப அவ கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணினாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்."

நானும் அதையேதான் நம்பினேன். ஊரே திட்டினப்பவும் நம்பினேன். நம்பினதோட நிறுத்தியிருக்கணும்.

புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு டக்கெட்டுக்கு ஃபோன் போட்டேன். முதல் மணியிலயே எடுத்தாரு.

"வெர்லீன்! சொல்லு, யாருக்கு எங்க வலி?"

சிரிச்சுட்டேன். பதினோரு மாசம் போனதே மறந்துடுச்சு. பிஸ்கட்டைப் பத்தி, அவரு பொண்ணு கல்யாணத்தைப் பத்திக் கொஞ்ச நேரம். அப்புறம் சொன்னேன்.

"கோச், ஒரு உதவி. ஜரெலோட இடது பக்கம் வராதீங்க. அந்தத் தோள் இன்னும் அப்படியேதான் இருக்கு."



"ஆபரேஷன் பண்ணலையா?"

"இல்ல."

"உங்க கோச்சுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான்."

"வெர்லீன், இதை நீ எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது"ன்னாரு. ஃபோனை வெச்சுட்டாரு.

அதுக்கு என்ன அர்த்தம்னு என் மரமண்டைக்கு அப்போ ஏறல. மனுஷனுக்குச் சங்கடமாயிடுச்சு, அவ்வளவுதான்னு நெனச்சேன். சொல்லியாச்சு, இனிமே அவரு பாத்துக்குவாருன்னு மனசுல பாரம் எறங்கிடுச்சு. மறுநாள் நன்றித் திருநாள் விருந்துல வான்கோழியை நல்லா வெட்டினேன். சக்கரவள்ளிக்கெழங்கு வெச்சு சுட்ட இனிப்பு ரெண்டு துண்டு தின்னேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டம். டக்கெட் பச்சைச் சட்டையில உள்ள நடந்து வந்தப்போ இருபதாயிரம் பேர் போட்ட கூச்சல்ல என் டேப் பெட்டி அதிர்ந்துச்சு. ஒரு பொம்பளை கேட் பக்கத்துல வந்து பாதி தின்ன ஹாட் டாக்கை அவரு மேல வீசினா. அவரு துடைச்சுக்கிட்டு நடந்தாரு. ஆர்லெட்டா மூணாவது வரிசையில, மகன் நம்பர் போட்ட சட்டையில உக்காந்திருந்தா. என்னைப் பாத்துக் கையாட்டினா.

முதல் பாதி பூரா ட்ரஸ்கட்காரங்க ஜரெல் இருந்த பக்கமே வரல. ஒரு தடவைகூட. எல்லாம் எதிர்ப்பக்கம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. பாத்தீங்களாடா, என் ஆளைப் பாத்தீங்களாடான்னு ஸ்டேடியம் பூராக் கத்தணும் போல இருந்துச்சு. பாதி ஆட்டத்துல பதினேழுக்கு மூணு, நாங்க முன்னாடி. ட்ரஸ்கட்டோட பெரிய மனுஷங்க மேல கண்ணாடி ரூம்ல நின்னுக்கிட்டு, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி கீழ பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்த ஆளுக்குக் கோடிக்கணக்குல கொட்டிக் கூட்டிக்கிட்டு வந்தவங்க.

பாதி ஆட்டம் முடிஞ்சு, மூணாவது கால் பகுதியில டக்கெட் தன் பையன் ஒருத்தனைத் தோள்ல கை போட்டுக் கூப்பிட்டு காதுல ஏதோ சொன்னாரு. எனக்கு அந்த முதுகு நல்லாத் தெரியும். அவரு ஒரு முடிவு எடுத்தா வலது கையால தொப்பியைக் கழட்டித் திருப்பி மாட்டுவாரு. மாட்டினாரு.

அடுத்த ஓட்டம் நேரா ஜரெலோட இடது பக்கம் வந்துச்சு. வலது தோளைத் திருப்பி எப்படியோ சாய்ச்சுட்டான். அடுத்ததும் அங்கயே. அதுக்கடுத்ததும் அங்கயே. நூத்தி முப்பது கிலோ பையன் ரெண்டு பேர் முன்னாடி வந்து அவனைத் திரும்ப விடாம இடது தோளையே கொடுக்க வெச்சானுங்க. மூணாவது மோதலுக்கு அப்புறம் எழுந்தப்ப ஜரெலோட கை தொங்கிச்சு. நான் உள்ள ஓடப் பாத்தேன். அவன் என்னைப் பாத்துத் தலையாட்டினான். வேணாம்னு. அந்தத் தொப்பிக்காரங்க ரெண்டு பேரும் மேல உக்காந்திருக்காங்க இல்ல.

நான் ஃபேர்லிகிட்ட ஓடினேன். "கோச், ஜரெலை வெளிய எடுங்க. இப்பவே!"

"ஏன்? என்னாச்சு?"

"இடது தோள். போன வருஷத்துலேர்ந்தே..."

அவரு டேப்லெட்டைப் பாத்தாரு. "உங்க லிஸ்ட்ல அவன் பேரே இல்லையே மேம்."

"இல்ல. நான் எழுதல."

அவரு என்னை நிமிர்ந்து பாத்தாரு. ரெண்டு செகண்டு இருக்கும். அந்த ரெண்டு செகண்டுல அடுத்த பந்து கெளம்பிடுச்சு. நாலாவது ஓட்டமும் அங்கதான். நான் பாக்கல, சத்தம்தான் கேட்டேன். இருபத்திரெண்டு வருஷத்துல எலும்பு முறியற சத்தம், நரம்பு பிச்சுக்கற சத்தம் எல்லாம் கேட்டவ நான். இது அவன் வாயிலேர்ந்து வந்துச்சு. சின்னக் கொழந்தை மாதிரி அம்மான்னு கத்தினான்.

நான் போய் உக்காந்தப்ப, "விரல் இருக்கறதே தெரியல மேம். மாட்டி விடுங்க. மாட்டி விட்டா சரியாயிடும்"னான். மாட்ட ஒண்ணும் மிச்சமில்ல.

ட்ரஸ்கட் இருபத்திநாலுக்குப் பதினேழுன்னு ஜெயிச்சுது. ஜரெலை ஆம்புலன்ஸ் முன்னாடியே கொண்டு போயிடுச்சு; ஆட்டம் முடிஞ்சதும் நானும் போகக் கார் சாவி எடுக்க ஓடினப்ப, ஸ்டேடியத்துக்கு அடியில இருக்கிற வழியில டக்கெட் தனியா நின்னுக்கிட்டிருந்தாரு. தொப்பி கையில. எனக்காகத்தான் நின்னாரு.

"எப்படி இருக்கான்?"

"உனக்கு அது எதுக்குய்யா?" எட்டு வருஷத்துல அவரை நான் அப்படிப் பேசினதில்ல. "சோறு தின்ன வீட்டுப் பையன். அவன் கையைப் பிச்சு எறிஞ்சுட்டு எப்படி இருக்கான்னு கேக்கறியா?"

"ஆபரேஷன் பண்ணி ஆறியிருக்கும்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன் வெர்லீன். அந்தப் பக்கம் போற எண்ணமே எனக்கு இல்ல. அவன் மேல ஏறி ஓட எவனாலயும் முடியாது." கையிலிருந்த தொப்பியைத் திருப்பினாரு. "புதன்கிழமை நீ சொன்ன."

"போகாதேன்னுதானே சொன்னேன்!"

"நான் இப்ப எந்தச் சட்டை போட்டிருக்கேன்னு உனக்குத் தெரியாதா? சொல்லியிருக்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன். மூணு நாள் இருந்துச்சு. நீ அவனை உக்கார வெச்சிருவேன்னு நெனச்சேன். இன்னைக்கு அவன் மைதானத்துக்குள்ள வந்தப்போ எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பாதி ஆட்டம் வரைக்கும் விட்டு வெச்சேன். அதுக்கு மேல..." அவரோட ஆளுங்க பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாங்க. அவரு தொப்பியை மாட்டிக்கிட்டு அவங்களோட போயிட்டாரு.

அவரு மூஞ்சியில அறையணும் போல இருந்துச்சு. ஆனா அவரு சொன்னதுல எந்த இடம் பொய்னு எனக்குத் தெரியல.

ஆஸ்பத்திரியில நாலு மணிக்கு டாக்டர் வந்து சொன்னாரு. தோளுக்குப் போற நரம்பு வேரோட வந்துடுச்சு. கை இருக்கும், ஆனா தூக்க வராது. விரல்ல கொஞ்சம் அசைவு வந்தாலும் வரலாம். ஃபுட்பாலைப் பத்தி யாரும் கேக்கல, அவரும் சொல்லல.

ஆர்லெட்டா என் கையைப் பிடிச்சுக்கிட்டு வராந்தாவுல உக்காந்திருந்தா. அந்த வீங்கின விரலால என் விரலை இறுக்கிப் பிடிச்சிருந்தா. உள்ள ஜரெல் மருந்துல தூங்கிக்கிட்டிருந்தான். அந்த நம்பர் போட்ட சட்டையை அவ இன்னும் கழட்டல.

"போன வருஷமே தோள்ல ஏதோ இருந்துச்சாமே வெர்லீன்? அந்த கோச் ஃபேர்லி இப்பதான் அவ்வளவு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. எங்கிட்ட ஒருத்தர் சொல்லல. அந்தத் தோளையே குறி வெச்சு மோதினாங்களே, டக்கெட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பாவி என் மேஜையில உக்காந்து ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னான். வீட்டுக்குப் போறப்ப பொட்டலம் கட்டிக் குடுத்தேன்." மூக்கைத் துடைச்சா. "ஆனா ஒரு வருஷம் ஆச்சே. இன்னும் ஆறலைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? யாரு சொல்லியிருப்பாங்க?"

அவ என்னைச் சந்தேகப்பட்டுக் கேக்கல. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டா. யாரோ ட்ரஸ்கட் ஆளு ஒளிஞ்சு பாத்திருப்பான்னு ஒரு வார்த்தை சொன்னா நம்பியிருப்பா. வாய் வரைக்கும் வந்துச்சு அந்த வார்த்தை.

"நான்தான் சொன்னேன் ஆர்லெட்டா."

"என்னது?"

"புதன்கிழமை ஃபோன் பண்ணி நான்தான் சொன்னேன். அந்தப் பக்கம் வராதீங்கன்னு கேக்கறதுக்காக. அவரு நம்மாளுன்னு நெனச்சுட்டேன். தோளும் எனக்குத் தெரியும். முதல்லேர்ந்தே தெரியும். உன் பையன் சொல்லாதேன்னான், சொல்லல."

அவ கத்துவான்னு நெனச்சேன். அடிச்சாலும் வாங்கிக்கத் தயாராத்தான் இருந்தேன். என் கையை விடவும் இல்ல, அசையவும் இல்ல.

நர்ஸ் வந்தா. பையன் முழிச்சுட்டான், ரெண்டு பேர் உள்ள வரலாம், குடும்பத்து ஆளுங்க மட்டும்னு சொன்னா. "நீங்க ரெண்டு பேரும்தானே?"ன்னு எங்க கோத்திருந்த கையைப் பாத்துக் கேட்டா.

ஆர்லெட்டா தன் விரலை ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டா. எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கிட்டா.

"நான் மட்டும்தான். இவங்க காலேஜ் ஆளு"ன்னா.